செவ்வாய்க்கிழமை இரவுக்கு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மகளின் பிறந்தநாளுக்கு ஓட்டலில் விருந்து வைக்காமல், அந்தப் பணத்தில் சென்ட்ரல் பக்கம் பிளாட்பாரத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் படத்தோடு செய்தி வந்திருந்தது. நல்ல மனசுக்காரர்கள், அவர்களை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர், நான் இந்த வேலையில் இருப்பது தெரிந்து, "நாங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை கொடுக்கலாம்னு இருக்கோம், எங்கே கொடுத்தா நல்லது?" என்று போனில் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். செவ்வாய்க்கிழமை கொடுங்கள், முடியாவிட்டால் புதன்கிழமை. அதையும் ஒரு தடவையோடு விட்டுவிடாமல் வாராவாரம், அதே இடத்தில், அதே நேரத்துக்குக் கொடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும், காலேஜ் போகும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சில வருடங்களாக சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, பாரிமுனைப் பக்கம் ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகிறோம். அறக்கட்டளை கிடையாது, பேனர் கிடையாது, ரசீதுப் புத்தகமும் கிடையாது. அவரவர் வீட்டு அரிசி பருப்பு, ஒரு வீட்டு மொட்டை மாடியில் பெரிய அடுப்பு, தெரிந்த தம்பி ஒருவரின் லோடு ஆட்டோ, இவ்வளவுதான். இப்படிப் போய்ப் போய்த்தான் எந்தக் கிழமையில் எவ்வளவு சாப்பாடு தெருவில் வந்து விழுகிறது என்ற கணக்கு எங்களுக்குப் பிடிபட்டது.

ஞாயிறு மதியம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு வேன் போவதற்குள் அடுத்த வேன் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே குஸ்கா, தக்காளி சாதம், வெஜிடபிள் பிரியாணி. ஒரே ஆள் தலைமாட்டில் மூன்று பொட்டலம் இருக்கும், ஒன்றைச் சாப்பிட்டு, ஒன்றைப் பக்கத்து நாய்க்கு வைத்துவிட்டு, மூன்றாவதை ராத்திரிக்கு என்று துணிக்கு அடியில் செருகி வைத்திருப்பார். நம்ம ஊர் வெயிலில் அது சாயங்காலமே நூல் விட ஆரம்பித்துவிடும். மறுநாள் விடியற்காலை தூய்மைப் பணியாளர்கள் பிரிக்காத பொட்டலங்களைக் கூட்டி அள்ளுவதைப் பார்க்கவே மனசு கேட்காது. அமாவாசை, தலைவர்கள் பிறந்தநாள், புத்தாண்டு, பண்டிகை என்றாலும் இதே கதைதான். வியாழக்கிழமை சாய்பாபா பக்தர்கள் வருவார்கள், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சிலர் கொடுப்பார்கள், சனிக்கிழமை பெருமாளுக்கு வேண்டிக்கொண்டவர்கள் புளியோதரையோடு வருவார்கள். திங்கள்கூட எப்படியோ ஓடிவிடும். செவ்வாய் வெறுவாய் என்று நல்ல காரியம் எதையும் அன்றைக்கு வைக்காத பழக்கம் நமக்கு உண்டு, போதாததற்கு வேலைநாள், அடுத்த நாளும் வேலைநாள். அந்த இரண்டு ராத்திரியும் அங்கே பலபேர் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள், அதற்கும் காசு இல்லாதவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றைக்கு வரைக்கும் அணையவில்லை. அங்கே போகும்போதெல்லாம் நான் நினைப்பது, முதல் நாள் அடுப்பு மூட்டியவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒன்றரை நூற்றாண்டில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் விறகு தள்ளியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதைத்தான். மழை கொட்டுகிற நாளிலும் அங்கே யாரோ ஒருவர் போய் உலை வைத்திருப்பார்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வேலைமுடிந்து ஏழு மணிக்கு வந்துவிட்டு, "யாருமே இல்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். எப்படி இருப்பார்கள்? பாரிமுனை, பூக்கடை, சௌகார்பேட்டைப் பக்கம் கடைகளுக்கு முன்னால் படுக்கிறவர்கள், ஒன்பது ஒன்பதரைக்குக் கடை ஷட்டர் இறங்கிய பிறகுதான் அந்த இடத்துக்கே வர முடியும். அதுவரை மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூக்கட்டுகிறார்கள், ஓட்டலில் எச்சில் தட்டு எடுக்கிறார்கள், வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள், முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போய் கல்யாண மண்டபத்தில் நமக்கே பரிமாறுகிறார்கள். பிளாட்பாரத்தில் படுத்திருந்தால் பிச்சைக்காரர் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். வடசென்னையில் பாட்டி காலத்திலிருந்து அதே தெருவோரத்தில் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு, அவர்களில் பலரிடம் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கும். இல்லாதது கூரை ஒன்றுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி இவர்களைத் தெருத்தெருவாகப் போய் எண்ணினார்கள், இந்தியா முழுக்க 17.7 லட்சம் பேர் என்று வந்தது. ஒரே ராத்திரியில் கண்ணுக்குத் தட்டுப்பட்டவர்கள் மட்டும்தான் இந்தக் கணக்கு.

சரி, என்ன கொடுப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். தெருவில் இருப்பவர்களுக்கு என்றதும் காரசாரமாக, எண்ணெய் மிதக்க, பட்டை கிராம்பு வாசத்தோடு ஒரு சாதம் என்று எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. நாங்கள் தொடர்ந்து போகும் ஒரு தெருமுனையில் ஒரு ஆயா இருக்கிறார். பல் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆட்டோ நின்றதும் மெதுவாக எழுந்து வந்து, அண்டாவை எட்டிப் பார்க்காமலே, "ரசம் கீதாமா?" என்றுதான் முதலில் கேட்பார். இருக்கிறது என்றால் முகம் மலர்ந்துவிடும். தன்னுடைய எவர்சில்வர் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு நீட்டுவார், ஒன்றரைக் கரண்டிக்கு மேல் போட்டால் "போதும் கண்ணு, வீணாப்பூடும்" என்று கையால் மறைத்துக்கொள்வார். உட்கார்ந்து சாதத்தையும் ரசத்தையும் விரலால் மசித்து, கூழ் மாதிரி ஆன பிறகுதான் வாயில் வைப்பார். பிரியாணி வந்த நாட்களில் அவர் சோற்றைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, அவன் வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுவார். அதை நேரில் பார்த்த பிறகு எங்கள் வீட்டு மாடியில் பிரியாணி பற்றிய பேச்சே இல்லை. குழைய வடித்த சாதம், பருப்பு, ரசம், ஒரு காய், மோர். இட்லி என்றால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். காரம் குறைவாக, உப்பு சரியாக.

சர்க்கரை நோய் அங்கேயும் உண்டு. பிறந்தநாள் என்று கேசரியும் ஜாங்கிரியும் கேக்கும் கொண்டுவந்து ஆளுக்கு இரண்டு என்று கையில் திணிப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பசியில் இருப்பவர் கையில் இனிப்பைக் கொடுத்தால் சாப்பிடத்தான் செய்வார். காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கும் பெரியவரிடம் அதைக் கொடுக்காமல் ஒரு வாழைப்பழமோ ஒரு முட்டையோ கொடுக்கலாமே. என்ன கொடுப்பது என்று சந்தேகம் வந்தால் அவர்களிடமே கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று. பல பெண்கள் ராத்திரிச் சாப்பாட்டை வேண்டாம் என்பார்கள், அல்லது இரண்டு வாயோடு நிறுத்திவிடுவார்கள், தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள். பசியில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி நேரத்தில் கக்கூஸ் போக வழியில்லை, கட்டணக் கழிப்பறை மூடியிருக்கும், திறந்திருந்தாலும் அந்த இருட்டில் தனியாகப் போகப் பயம். அதனால் வயிற்றைக் கட்டிப் பழகிவிட்டார்கள். அந்தப் பகுதிகளில் இரண்டு பொதுக் கழிப்பறையாவது விடிய விடிய விளக்கோடும் ஆளோடும் திறந்திருந்தால் நாங்கள் கொடுக்கும் சாப்பாட்டை அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். மாநகராட்சி அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

அப்புறம், சமைத்த சோறு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. இதை நான் கடுமையாகவே சொல்வேன். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. வடித்த சோறு 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கிவிடும், அதன் பிறகு எத்தனை தடவை சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. நம் வீட்டில் வாந்தி பேதி வந்தால் மருந்துக்கடைக்கு ஓடுவோம். பிளாட்பாரத்தில் இருப்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் எங்கே போவார், கழிப்பறை எங்கே, மாற்றுத் துணி எங்கே? அதனால்தான் மதியம் பன்னிரண்டுக்குச் சமைத்துச் சூட்டோடு பொட்டலம் கட்டி அடுக்கி, ராத்திரி ஒன்பதுக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடிப்பதில்லை. நாங்கள் ஆறரைக்கு மேல்தான் உலை வைப்போம், அண்டாவை மூடி கோணிச் சாக்கு சுற்றி ஆவி பறக்க ஏற்றிக்கொண்டு போவோம். கல்யாண மண்டபங்களிலிருந்து மிச்சச் சாப்பாடு தருகிறேன் என்று கூப்பிடுவார்கள், நல்ல விஷயம்தான், வீணாகக் கொட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பந்தி முடிந்த உடனே கூப்பிட வேண்டும். ஒரு மண்டபத்திலிருந்து ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, மதியம் செய்த சாம்பாரைக் கொடுத்தார்கள், மூடியைத் திறந்ததும் நுரைத்த வாடை. மறுத்துவிட்டோம். "ரோட்ல இருக்கறவங்களுக்குத்தானே" என்று அங்கே ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மிச்ச உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. மண்டபக்காரர்களும் கேட்டரிங்காரர்களும் அதை ஒருமுறை வாங்கிப் படித்தால் நல்லது.

பொட்டலம் நல்லதா, பரிமாறுவது நல்லதா என்று கேட்கிறார்கள். முடிந்தவரை பரிமாறுங்கள். பெரும்பாலானவர்களிடம் சொந்தத் தட்டோ தூக்கோ இருக்கிறது, இல்லாதவர்களுக்குத் தையல் இலையோ பாக்குமட்டைத் தட்டோ கொண்டுபோகலாம். பொட்டலம் என்றால் நாம் கட்டியதுதான் அளவு, அவருக்கு அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். கரண்டியோடு நின்றால் "இன்னும் கொஞ்சம் போடு", "குழம்பு வேண்டாம் மோர் ஊத்து" என்று கேட்க அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. வீட்டில் நாம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில்லையா. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1ஆம் தேதியே தடைசெய்துவிட்டார்கள், ஆனாலும் வண்டி வண்டியாக அதில்தான் வருகிறது. சாப்பிட்டு முடித்த தாள் அங்கேயே கிடந்தால் எலி வரும், அவர்கள் படுக்கும் இடம் அது. கொடுத்தவர்கள் போய்விடுகிறார்கள், மறுநாள் கடைக்காரர் வந்து "குப்பை போடறீங்க" என்று சாப்பிட்டவர்களைத்தான் விரட்டுகிறார். ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது போட்டோ. உங்கள் நாளிதழுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிவந்த படத்தில் சாப்பாடு வாங்குகிறவர்களின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெருக்களில் குடிகாரக் கணவனின் அடிக்குத் தப்பி ஊரைவிட்டு வந்து, இருக்கும் இடம் தெரியாமல் வாழ்கிற பெண்கள் இருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் நாலு கை மாறினால் அவர்கள் இருக்குமிடம் தெரிந்துவிடும். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஒரு பையன், எட்டாம் வகுப்பு படிக்கிறான், செல்போனைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வான், அவர்கள் போகிற வரைக்கும் சாப்பாடு வாங்க எழுந்திருக்கவே மாட்டான். ஒருதடவை கிளாஸில் யாரோ அவன் படத்தைக் காட்டிச் சிரித்துவிட்டார்களாம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் அண்டாவைப் படம் எடுங்கள், மளிகைக் கடை பில்லைப் படம் எடுங்கள், சமைக்கிறவர்களை எடுங்கள்.

ஏன் வாராவாரம், அதே ஆள், அதே நேரம் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், சோறு கொடுப்பதோடு அந்த வேலை முடிவதில்லை. தொடர்ந்து போகும்போதுதான் முகம் பழகும். முகம் பழகினால்தான் போன வாரம் இருந்தவர் இந்த வாரம் இல்லை என்பது தெரியும், நடந்தவர் நொண்டுகிறார் என்பது தெரியும். எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணன், மூட்டை தூக்குகிறவர், ஒரு ராத்திரி எழுந்து வராமல் படுத்த இடத்திலேயே தட்டை நீட்டினார். போய்ப் பார்த்தால் கணுக்கால் வரை வீங்கி, கட்டைவிரல் கறுத்திருந்தது. அரசு பொது மருத்துவமனை அங்கிருந்து நடக்கிற தூரம்தான், சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஏன்ணே போகலை என்று கேட்டதற்கு, "போனா அட்மிட்டுன்றுவாங்கமா, என் மூட்டைய யாரு பாத்துப்பா?" என்றார். ஒரு போர்வை, இரண்டு லுங்கி, அடுப்பு, ஆதார் அட்டை வைத்த பிளாஸ்டிக் டப்பா, அவ்வளவுதான் அவர் சொத்து, ஆனால் அதுதானே மொத்தச் சொத்தும். எங்களோடு வந்த பிள்ளைகளில் ஒருவன் மூட்டைக்குக் காவல் உட்கார்ந்தான், இன்னொருவன் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது. மூட்டை எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்தது, திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். பிறந்தநாளுக்கு ஒருமுறை வந்து போகிறவரிடம் அவர் காலைக் காட்டியிருக்க மாட்டார், காட்ட நேரமும் இருந்திருக்காது.

மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் விஷயமும் இப்படித்தான். சாப்பாட்டை வாங்கி அப்படியே வீசுவார்கள், திட்டுவார்கள், அதனால் புதியவர்கள் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். நாலு வாரம் ஒரே ஆள் போய்த் தள்ளி நின்று வைத்துவிட்டு வந்தால் ஐந்தாவது வாரம் கையில் வாங்குவார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, இப்படித் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போவதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாகவே வைத்திருக்கிறது. சென்னைக் காவல்துறை ஆதரவற்றவர்களை மீட்பதற்கென்று 2021இல் காவல் கரங்கள் என்று ஒரு திட்டம் தொடங்கியது. தெருவில் அலையும் மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு இருக்கிறது, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வழி இருக்கிறது, ஆனால் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இப்படி ஒருவர் இருக்கிறார் என்று விவரமாகச் சொல்ல அவரைத் தொடர்ந்து பார்க்கிற ஒருவர் வேண்டும்.

காப்பகத்தில் கொண்டுபோய் விடலாமே, ஏன் தெருவில் சோறு போட்டு அவர்களை அங்கேயே இருக்க வைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், கோபப்பட மாட்டேன். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லிவிட்டது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையில் ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்றுகூட இருந்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வீடற்றோர் காப்பகங்கள் நடத்துகிறது, அரசு மருத்துவமனை வளாகத்தில் நோயாளியோடு வந்தவர்கள் தங்கவும் இடம் வைத்திருக்கிறது. நாங்களும் பலரைக் கூட்டிப்போய் விட்டிருக்கிறோம், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல இடம். ஆனால் புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் என்று குடும்பமாக இருப்பவர்கள் அங்கே போனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிய வேண்டும். மீன்பாடி வண்டியை நிறுத்த இடம் இருக்காது. விடியற்காலை நாலு மணிக்கு லோடு இறக்கப் போகிறவருக்குக் காப்பகம் வேலைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் உபயோகம். பாரிமுனையில் பிழைக்கிறவரை ஊர்க்கோடியில் கொண்டுபோய் விட்டால் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பமாகத் தங்குகிற மாதிரி, வேலை இருக்கும் பகுதியிலேயே காப்பகம் வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். அதுவரை ராத்திரிச் சோற்றை நிறுத்த முடியாது.

அம்மா உணவகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2013இல் சாந்தோமில் ஆரம்பித்தது, 1 ரூபாய் இட்லி, 5 ரூபாய் சாம்பார் சாதம், 3 ரூபாய் தயிர் சாதம். பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் காலையையும் மதியத்தையும் தலைநிமிர்ந்து காசு கொடுத்துச் சாப்பிட்டுக் கடத்துவது இதனால்தான், அங்கே சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு இந்த ஊர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஊரடங்குக் காலத்தில், 2020இல், வேலையெல்லாம் நின்று ஓட்டல்கள் மூடிக் கிடந்தபோது அந்தச் சமையலறைகள் எரிந்தன. ஆனால் ராத்திரிச் சப்பாத்தி, கடைகள் மூடி இவர்கள் படுக்க வருவதற்குள் முடிந்துவிடுகிறது. எல்லா உணவகத்தையும் கேட்கவில்லை, சென்ட்ரல், எழும்பூர், பாரிமுனைப் பக்கம் இருப்பவற்றை மட்டும் ராத்திரி பத்தரை வரைக்கும் திறந்து வைத்தால் எங்களைப் போன்ற குழுக்களுக்குப் பாதி வேலை இருக்காது. அதைவிட எங்களுக்கு என்ன சந்தோஷம்.

மழைக்காலம் வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில்தான் தேவை அதிகம், வருகிறவர்கள் குறைவு. படுக்கிற இடம் நனைந்துவிட்டால் மேம்பாலத்துக்கு அடியில், கடைத் தாழ்வாரத்தில் ஒண்டுவார்கள், கூலிவேலையும் அன்றைக்கு இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர் எப்படி அள்ளிக் கொடுத்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், லாரி லாரியாகச் சோறும் துணியும் வந்தன. 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் வந்தார்கள். பேரிடர் என்று பெயர் வைத்த நாளில் ஓடிவருகிற அதே ஜனங்கள், சாதாரண மழை விடாமல் மூன்று நாள் பெய்கிற வாரத்தில் வருவதில்லை, காரணம் அது செய்தியில் வருவதில்லை. உங்கள் நாளிதழ் அதை எழுதினால் வருவார்கள் என்று நம்புகிறேன்.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. சாப்பாடு வாங்குகிறவர்களின் முகம் தெரியும் படத்தை இனி வெளியிட வேண்டாம். இன்னொன்று, தினமும் "இன்றைய நிகழ்ச்சிகள்" என்று கோயில் விழா, சொற்பொழிவு எல்லாம் போடுகிறீர்களே, அந்தப் பத்தியின் கீழே வாரம் ஒருமுறை, எந்தக் கிழமைக்கு எந்தப் பகுதியில் அன்னதானத்துக்கு ஆள் குறைவு என்று இரண்டு வரி போட முடியுமா? என்னென்ன குழுக்கள் எந்த நாளில் போகின்றன என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதித்தர நான் தயார். தெருப் பெயர்களை மட்டும் அச்சிட வேண்டாம், பகுதிப் பெயர் போதும், இல்லையென்றால் அடுத்த ஞாயிறு எல்லா வேனும் அதே தெருவுக்கு வந்துவிடும்.

வாசகர்களிடம் கேட்பது, செவ்வாய்க்கு ஒரு வீடு, புதனுக்கு ஒரு வீடு, மழைக்காலம் முடிகிற வரைக்கும் பொறுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது பேருக்குச் சமைக்க வேண்டாம், பத்துப் பேருக்குச் சாதமும் ரசமும் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஊரில் இல்லாத வாரம் முன்னாலேயே சொல்லிவிட்டால் வேறு வீட்டில் உலை வைப்போம். சமைக்கத் தெரியாதவர்களும் வரலாம், ராத்திரி பதினொன்றுக்கு மேல் அண்டா தேய்க்க எங்களுக்கு எப்போதுமே ஆள் பற்றாது. என் போன் நம்பரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அச்சிடாமல் அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
புரசைவாக்கம், சென்னை.